காது தானே சொல்லும் சாட்சி

தோட்ட மருந்தகத்தில் சொல்லப்படும் நோவுகளிலே மிகக் குறைவாக மதிக்கப்படுவது காது நோவுதான். காய்ச்சல் என்றால் உடம்பு சுடும். தொட்டுப் பார்த்து நம்புவார்கள். அரிவாள் பட்டால் ரத்தம் தெரியும். ஆனால் "காது சரியாக் கேக்கல, டிரஸர் ஐயா" என்று ஒருவர் வந்து நின்றால் அதற்கு என்ன சாட்சி? சின்னப் பிள்ளையாக இருந்தால் "மக்கு, சொன்ன பேச்சைக் கேக்காது" என்கிறோம். ஆலைத் தொழிலாளியாக இருந்தால் "நஷ்டஈடு வாங்க நடிக்கிறான்" என்று சொல்லவும் ஆள் இருக்கிறது. வயதானவராக இருந்தால் "அவருக்கு வேண்டியது மட்டும் காதுல விழும்" என்று வீட்டிலேயே கேலி நடக்கிறது.

தோழர்களே, காது கேட்கவில்லை என்பது ஒரே நோய் அல்ல. சத்தம் போகிற வழியில் எந்த இடத்தில் தடை என்பதைப் பொறுத்து அது வேறு வேறு நோய். சில தடைகளைச் சில வாரங்களில் நீக்கிவிடலாம். சில தடைகள் ஆயுள் முழுவதும் போகா. ஆகவே "எவ்வளவு கேட்கிறது?" என்று கேட்டால் மட்டும் போதாது, "சத்தம் எங்கே நின்றுபோகிறது?" என்றும் கேட்க வேண்டும். இந்த இரண்டாவது கேள்விக்கு, நோயாளி வாய் திறக்காமலே, காது தானாகப் பதில் சொல்லும் சோதனை ஒன்று இருக்கிறது. சத்தத்தின் ஆற்றலை அளந்து நடுக்காதின் நிலையை அறியும் அந்தச் சோதனையைப் பற்றியே இம்மாதம் எழுதுகிறேன்.

துறைமுகமும் நடுக்காதும்

போர்ட் கிள்ளான் பக்கம் இருக்கிற நமக்கு இதை விளக்குவது சுலபம். லாரியில் வரும் சரக்கு தானாகக் கப்பலில் ஏறிவிடாது. தரையில் ஓடுவது லாரி, தண்ணீரில் மிதப்பது கப்பல். இடையில் கிரேன் நின்று தூக்கி வைத்தால்தான் சரக்கு போய்ச் சேரும்.

காதும் அப்படித்தான். வெளிக்காதுத் துவாரத்தில் சத்தம் காற்றில் வருகிறது. உள்காது என்பது நத்தைக் கூடு போல் சுருண்டு, தண்ணீர் போன்ற திரவம் நிறைந்த ஒரு சின்ன எலும்பு அறை. கேட்கும் நரம்பு அங்கேதான் தொடங்குகிறது. காற்றில் வரும் சத்தம் நேராகத் தண்ணீரில் மோதினால் அதன் ஆற்றலில் ஆயிரத்தில் ஏறக்குறைய ஒரு பங்குதான் உள்ளே நுழையும், மற்றதெல்லாம் திரும்பிவிடும். ஆற்றில் முங்கியிருக்கிறவனுக்குக் கரையிலிருந்து கூப்பிடுவது கேட்காததன் காரணம் இதுதான்.

இந்த நஷ்டத்தை ஈடுகட்டும் கிரேன்தான் நடுக்காது. முன்னால் செவிப்பறை, அதன் பின்னால் காற்று நிறைந்த சின்ன அறை, அந்த அறைக்குள் சங்கிலி போல் கோத்த மூன்று எலும்புகள். சுத்தி, பட்டடை, அங்கவடி என்று அவற்றின் வடிவத்தைக் கொண்டே பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கவடி எலும்புதான் நம் உடம்பிலேயே மிகச் சிறியது. அரிசி மணியை விடச் சின்னது. செவிப்பறையின் வேலை செய்யும் பரப்பு, அங்கவடியின் அடிப்பாகத்தைப் போல் ஏறக்குறைய 17 மடங்கு. பெரிய பரப்பில் வாங்கிய விசையைச் சின்னப் பரப்பில் செலுத்துவதாலும், எலும்புகள் நெம்புகோல் மாதிரி வேலை செய்வதாலும், சத்தத்தின் அழுத்தம் 20 மடங்குக்கு மேல் கூடி உள்காதுக்குள் போகிறது.

நடுக்காது அறைக்குக் காற்று எங்கிருந்து வருகிறது? மூக்கின் பின்புறத்திலிருந்து போகும் ஒரு மெல்லிய குழாய் வழியாக. கொட்டாவி விடும்போதும் எச்சில் விழுங்கும்போதும் அது திறக்கும். கெந்திங் மலை ஏறும் பஸ்ஸில் காது அடைத்துக்கொண்டு, எச்சில் விழுங்கினதும் 'பட்'டென்று விடுகிறதே, அது இந்தக் குழாயின் வேலை. சளி பிடித்துக் குழாய் அடைபட்டால் அறைக்குள் காற்று குறையும். செவிப்பறை உள்பக்கம் இழுபடும். நாளடைவில் நீர் ஊறித் தேங்கும். கிரேன் சேற்றில் மாட்டிக்கொண்ட கதைதான்.

திரும்பி வரும் லாரியை எண்ணுவது

துறைமுக வாசலில் ஒருவர் நின்று, சரக்கோடு உள்ளே போன லாரிகள் எத்தனை, இறக்க முடியாமல் சரக்கோடு திரும்பி வந்த லாரிகள் எத்தனை என்று எண்ணுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் உள்ளே போகவே வேண்டாம். கிரேன் வேலை செய்கிறதா, மெதுவாக ஓடுகிறதா, அடியோடு நின்றுவிட்டதா என்று வாசலிலேயே தெரிந்துவிடும்.

நடுக்காதுச் சோதனையின் தத்துவமும் இதுவே. காதுத் துவாரத்தில் ரப்பர் முனை வைத்த சின்னக் குழல் ஒன்றைப் பொருத்துவார்கள். அதில் ஒரு ஸ்பீக்கர் அளவு தெரிந்த சத்தத்தை அனுப்பும். ஒரு மைக் திரும்பி வரும் சத்தத்தைப் பிடிக்கும். ஒரு பம்பு துவாரத்தின் காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். ஊசி இல்லை, மருந்து இல்லை, ரத்தம் இல்லை. பஸ்ஸில் மலை ஏறும்போது வரும் லேசான அடைப்பு போல் தோன்றும், அவ்வளவுதான். ஒரு காதுக்குச் சில விநாடிகள் போதும்.

காதுக்குள் சத்தம் சந்திக்கும் எதிர்ப்பை அளந்து நோயை அறியலாம் என்பதை டென்மார்க் நாட்டு டாக்டர் ஓட்டோ மெட்ஸ் 1946-ல் தமது ஆராய்ச்சியில் காட்டினார். காற்றழுத்தத்தை மாற்றிக்கொண்டே அளக்கும் முறை அதே நாட்டில் 1950-களின் இறுதியில் உருவானது. இதற்கு டிம்பனோமெட்ரி என்று பெயர். 1970-ல் அமெரிக்காவின் ஜேம்ஸ் ஜெர்கர் அந்தப் படங்களுக்கு ஏ, பி, சி என்று எழுத்துகள் கொடுத்தார். இன்றும் டாக்டர் எழுதும் கடிதத்தில் அந்த எழுத்துகளே இருக்கும். ஆகவே அவற்றை நாமும் தெரிந்துகொள்வது நல்லது.

ஏ என்றால் படத்தின் நடுவில் ஒரு மலை. நடுக்காதில் காற்று சரியாக இருக்கிறது, செவிப்பறை நன்றாக அசைகிறது என்று பொருள். சி என்றால் மலை இருக்கிறது, ஆனால் ஒரு பக்கம் தள்ளி நிற்கிறது. குழாய் அடைபட்டு உள்ளே காற்று குறைந்திருக்கிறது. பி என்றால் மலையே இல்லை, தட்டையான கோடு. செவிப்பறை அசையவில்லை. பெரும்பாலும் நீர் தேங்கியிருக்கும்; செவிப்பறையில் ஓட்டை இருந்தாலும், குறும்பி முழுசாக அடைத்திருந்தாலும்கூட இப்படி வரும். கருவி காதுத் துவாரத்தின் கொள்ளளவையும் சேர்த்துச் சொல்வதால் எது என்று பிரித்துவிடலாம்: ஓட்டை என்றால் கொள்ளளவு மிக அதிகமாகக் காட்டும், குறும்பி என்றால் மிகக் குறைவாகக் காட்டும்.

ஒரே சத்தம் போதாது

மேலே சொன்ன பழைய முறையில் அனுப்புவது 226 ஹெர்ட்ஸ் என்ற ஒரே தணிந்த சத்தம். சின்ன வேனை மட்டும் அனுப்பித் துறைமுகத்தைச் சோதித்த மாதிரி. பெரிய டிரெய்லர் வந்தால் கிரேன் தாங்குமா என்று அது சொல்லாது. மனிதர் பேச்சில் தணிந்த சத்தமும் உண்டு, 'ச', 'த' போன்ற கூர்மையான சத்தங்களும் உண்டு.

ஆகவே கடந்த முப்பது ஆண்டுகளாக ஆராய்ச்சியாளர்கள் இன்னொரு முறையை வளர்த்திருக்கிறார்கள். 'டிக் டிக்' என்ற சத்தத்தை அனுப்புவார்கள். அந்த ஒரு 'டிக்'குக்குள் 226 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை எல்லாச் சத்தமும் அடக்கம். ஒவ்வொரு சத்தத்திலும் அனுப்பிய ஆற்றல் எவ்வளவு, திரும்பியது எவ்வளவு என்று கருவி கணக்கிடும். அனுப்பியதில் திரும்பியதைக் கழித்தால் காது உள்வாங்கியது கிடைக்கும். எதுவும் உள்ளே போகவில்லை என்றால் 0, முழுவதும் போனால் 1. இதற்கு வைட்பேண்ட் சோதனை என்று பெயர். 2012-ல் டென்மார்க்கின் எரிக்ஸ்ஹோல்ம் ஆய்வு மையத்தில் பல நாட்டு நிபுணர்கள் கூடி, இந்த அளவைகளுக்கு ஒரே பெயர் வைக்க இணங்கினார்கள்.

நல்ல காது 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான சத்தத்தைத்தான் அதிகமாக உள்வாங்கும். நடுக்காதில் நீர் நிறைந்தால் ஏறக்குறைய எல்லாச் சத்தத்திலும் அளவு விழுந்துவிடும். அங்கவடி இறுகிப்போனால் தணிந்த சத்தங்களில் குறையும். அடிபட்டு எலும்புச் சங்கிலி அறுந்திருந்தால் தணிந்த பக்கத்தில் திடீரென்று ஒரு கூர்மையான ஏற்றம் தெரியும். முழுசாக இருக்கும் செவிப்பறைக்குப் பின்னால் எந்த எலும்புக்கு என்ன ஆனது என்று, அறுவைச் சிகிச்சைக்கு முன்னமே டாக்டருக்குத் துப்பு கிடைக்கிறது.

கைக்குழந்தைகளுக்கும் இது உதவும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் காதுத் துவாரம் மெத்தென்று இருப்பதால் 226 ஹெர்ட்ஸ் சோதனை ஏமாற்றிவிடும். 1000 ஹெர்ட்ஸ் சத்தமோ வைட்பேண்ட் சோதனையோ வேண்டும். பிறந்த குழந்தை முதல் செவிச் சோதனையில் தேறாவிட்டால் தாய்க்கு உயிர் போய்விடும். காதில் தங்கிய பிரசவ நீர்தான் காரணமா, உள்காதிலேயே கோளாறா என்று பிரித்துப் பார்க்க இம்முறை துணை செய்கிறது.

வைட்பேண்ட் கருவி எல்லா இடத்திலும் இருக்காது. ஆனால் டிம்பனோமெட்ரி, காது மூக்கு தொண்டைப் பிரிவு உள்ள பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் வழக்கமான சோதனை. நமக்குப் பக்கத்தில் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் அந்தப் பிரிவு உண்டு. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் 1995-ல் செவியியல் பட்டப்படிப்பைத் தொடங்கியது. அதற்குப் பிறகு இந்நாட்டிலேயே படித்த செவியியலாளர்கள் இந்தச் சோதனைகளைச் செய்கிறார்கள்.

பிள்ளை மக்கு அல்ல

நடுக்காதில் நீர் தேங்கிய பிள்ளைக்குக் காது வலிக்காது, காய்ச்சல் இராது, சீழ் ஒழுகாது. அதனாலேயே யாருக்கும் தெரியாது. கையால் காதை மூடிக்கொண்டு கேட்பது போல் கேட்கும். பக்கத்தில் நின்று உரக்கச் சொன்னால் திரும்பும். வகுப்பில் பின் வரிசையிலிருந்து ஆசிரியர் சொல்வது பாதிதான் விழும். சளி குறைந்த வாரம் நன்றாகக் கேட்கும், அடுத்த வாரம் கேட்காது. "நேத்து கேட்டுச்சே, இன்னைக்கு என்ன?" என்று அடி வாங்குவதும் இந்தப் பிள்ளைதான்.

இது அபூர்வமான நோய் அல்ல. நம் நாட்டு மருத்துவர்கள் பாலர் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து 1997-ல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய ஏழு பிள்ளைகளில் ஒரு பிள்ளைக்கு நடுக்காதில் நீர் இருந்தது. பிள்ளைகளின் குழாய் குட்டையாகவும் படுக்கை வசமாகவும் இருப்பதால் மூக்கின் சளி சுலபமாகக் காதைக் கெடுக்கிறது.

நல்ல செய்தி என்னவென்றால், பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மூன்று மாதத்தில் இது தானாகவே வடிந்துவிடும். டாக்டர் "பொறுத்துப் பார்ப்போம்" என்று சொன்னால் அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். மூன்று மாதம் கழித்து மறுசோதனைக்குப் போக வேண்டியது நம் கடமை. அப்போதும் கோடு தட்டையாக இருந்து, கேள்வியும் குறைந்திருந்தால், செவிப்பறையில் குரோமெட் என்ற மிகச் சின்னக் குழாயை வைத்துக் காற்று போக வழி செய்வார்கள். அதுவரையில் பிள்ளையை முன் வரிசையில் உட்கார வைக்கும்படி ஆசிரியரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குச் செலவு ஒரு காசும் இல்லை.

ஆலையில் போன காதும், அறையில் தேங்கிய நீரும்

இனி பெரியவர்கள் விஷயம். செம்பனை ஆலையில் கொதிகலன், டர்பைன், கொட்டை உடைக்கும் பகுதி. வயலில் சங்கிலி வாள், புல் வெட்டும் இயந்திரம், மோட்டார் வைத்த கந்தாஸ் அரிவாள். இவற்றின் இரைச்சல் நடுக்காதைக் கெடுப்பதில்லை. உள்காதிலே ஆயிரக்கணக்கில் இருக்கும் மெல்லிய மயிரணுக்களைக் கொல்கிறது. செத்த அணு மறுபடி முளைக்காது. முதலில் 4000 ஹெர்ட்ஸ் சுற்றிலும் உள்ள கூர்மையான சத்தம் போகும். "பேசுறது கேக்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னு புரியல" என்பதுதான் முதல் அறிகுறி.

இங்கேதான் நடுக்காதுச் சோதனையின் மதிப்பு தெரிகிறது. துறைமுக உதாரணத்தை நினைத்துப் பாருங்கள். சரக்கு எல்லாம் கப்பலில் ஏறிவிட்டது, ஆனால் கப்பலின் அடித்தளம் உடைந்திருக்கிறது என்றால், வாசலில் நிற்பவருக்கு அது தெரியாது. அவர் கணக்கில் எல்லாம் சரி. ஆகவே டிம்பனோமெட்ரி 'ஏ' என்று வந்தால் "காது நன்றாகக் கேட்கிறது" என்று பொருள் அல்ல. நடுக்காது நன்றாக இருக்கிறது என்றுதான் பொருள். கூடவே ஆடியோகிராம் என்ற கேள்விச் சோதனையும், காதின் பின் எலும்பில் அதிர்வு வைத்துப் பார்க்கும் சோதனையும் வேண்டும்.

மூன்றையும் சேர்த்துப் படித்தால் உண்மை வெளியே வரும். கேள்வி குறைந்திருக்கிறது, 4000 ஹெர்ட்ஸில் பள்ளம் விழுந்திருக்கிறது, எலும்பு வழியாகவும் அதே குறைவு, நடுக்காதோ 'ஏ'. இரைச்சலில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தவருக்கு இந்தப் படம் வந்தால், "சின்ன வயசுல காது ஒழுகியிருக்கும், அதான்" என்று யாரும் தட்டிக் கழிக்க முடியாது. அதே போல், நடுக்காது 'பி', எலும்பு வழியாக நன்றாகக் கேட்கிறது என்றால், "ஆலை என் காதைக் கொண்டுபோச்சு" என்று மனம் உடைந்து உட்கார வேண்டாம். அது வைத்தியத்தில் சரியாகக்கூடிய நோயாக இருக்கலாம். இரண்டும் ஒன்றாக இருப்பவர்களும் உண்டு. மலேரியாவுக்குக் கொடுத்த கொயினாவும், காசநோய்க்குப் போட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும்கூட உள்காதைத் தாக்கக்கூடியவை. ஆகவே பழைய வைத்தியத்தையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1989-ஆம் ஆண்டின் பழைய இரைச்சல் விதிகளுக்குப் பதிலாக, 2019 ஜூன் 1 முதல் புதிய இரைச்சல் விதிகள் நடப்பில் உள்ளன. எட்டு மணி நேர வேலைக்குப் பழைய வரம்பு 90 டெசிபல்; இப்போது 85. அன்றாட இரைச்சல் 82-ஐத் தாண்டினாலே அது மிகையான இரைச்சல். முதலாளி அதை முறையாக மதிப்பிட வேண்டும். 85-ஐத் தாண்டும் இடத்தில் வேலை செய்வோருக்கு ஆண்டுதோறும் கேள்விச் சோதனை செய்ய வேண்டும். காதுக் காப்பும் கொடுக்க வேண்டும். இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை 1969-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தொழில் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சொக்சோவின் வேலைப் பேரிடர் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். நம்மோடு வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை

கேள்விச் சோதனைக்குப் போகுமுன் 14 மணி நேரம் இரைச்சலில் இருக்காதீர்கள். இரவு ஷிப்ட் முடித்து அப்படியே சோதனைக்குப் போனால் தற்காலிகமான மந்தமும் சேர்ந்து கணக்கைக் குழப்பும். வேலையில் சேர்ந்தபோது எடுத்த முதல் ஆடியோகிராமின் நகலைக் கேட்டு வாங்கி, சம்பளச் சீட்டோடு பத்திரமாக வையுங்கள். பின்னால் ஒப்பிட்டுக் காட்ட அதுதான் ஆதாரம். முடிவு சரியில்லை என்றால், "நடுக்காதுச் சோதனையும் செய்து எழுதிக் கொடுங்க டாக்டர்" என்று மரியாதையாகக் கேளுங்கள்.

காதில் தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், தாய்ப்பால், சூடான இலைச்சாறு எதையும் ஊற்றாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் ஊற்றியது நேராக நடுக்காதுக்குள் போய்ச் சேரும். கோழி இறகு, ஹேர்பின், தீக்குச்சி உள்ளே போகக் கூடாது. குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்துப் புட்டிப்பால் கொடுக்காதீர்கள். வீட்டுக்குள் சிகரெட் புகைத்தால் பிள்ளைக்குக் காது நோய் கூடும். நிமோகாக்கஸ் தடுப்பூசி 2020 டிசம்பர் முதல் அரசாங்கக் கிளினிக்கில் குழந்தைகளுக்குப் போடப்படுகிறது. அது காதுச் சீழையும் ஓரளவு தடுக்கும். தவறவிடாதீர்கள்.

முக்கியமாக ஒன்று. பெரியவர் ஒருவருக்குச் சளி இல்லாமலே ஒரு காதில் மட்டும் நீர் தேங்கி 'பி' என்று வந்தால், மூக்கின் பின்புறத்தையும் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். குழாயின் வாயை அடைத்துக்கொண்டு அங்கே புற்று வளர்ந்திருக்கக் கூடும். மூக்கில் ரத்தம், கழுத்தில் கட்டி இருந்தால் ஒரு வாரம்கூடத் தாமதிக்கக் கூடாது. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் குணப்படுத்தக்கூடிய நோய் அது.

சம்பளம், வீடு, வேலை நேரம் ஆகியவற்றுக்குக் கணக்கு வைத்துப் பேசத் தெரிந்த நாம், காதுக்கும் கணக்கு வைத்துப் பேசப் பழக வேண்டும். கிளைக் கூட்டத்தில் அடுத்த முறை இதை ஒரு விஷயமாக வையுங்கள்: நம் ஆலையில் இரைச்சல் எவ்வளவு என்று அளந்தார்களா? போன ஆண்டு சோதனை நடந்ததா? முடிவைத் தொழிலாளர் கையில் கொடுத்தார்களா? பள்ளியில் பின்தங்கும் பிள்ளையின் காதை யாராவது பார்த்தார்களா? காது தன் சாட்சியைச் சொல்லத் தயாராக இருக்கிறது. அதைக் கேட்டு எழுதி வாங்க வேண்டியது நம் பொறுப்பு.